சைக்காலஜி படித்தால் என் பதற்றம் சரியாகுமா?

கேள்வி இதுதான். பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி, கிராமத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கிறார். ஒரு வருடமாகத் தூக்கம் சரியில்லை. தேர்வு நாள் காலையில் வாந்தி, கை நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு. போன செமஸ்டரில் இரண்டு தேர்வுகளுக்குப் போகாமல் அறையிலேயே இருந்துவிட்டார். வீட்டில் ‘எதையோ பார்த்துப் பயந்திருக்கா’ என்று மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறார்கள். செல்போனில் உளவியல் வீடியோக்களைப் பார்க்கத் தொடங்கியபோது எல்லாம் தன்னைப் பற்றியே பேசுவதுபோல் இருந்ததாம். முதுகலையில் சைக்காலஜி சேரலாமா, சேர்ந்தால் தன் பிரச்சினையும் தீருமா, வேலை கிடைக்குமா என்று கேட்கிறார்.

நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். பல வருடங்களாகக் கல்லூரி மாணவர்களோடுதான் வேலை. இதே கேள்வியை ஒவ்வொரு ஆண்டும் யாராவது ஒருவர் என் முன்னால் உட்கார்ந்து கேட்கிறார். அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று உங்கள் உடம்பும் மனசும் படும் பாடு. இன்னொன்று உங்கள் படிப்பு. இரண்டையும் பிரித்துவிடுங்கள். முதலாவதற்கு ஒருவரைப் போய்ப் பார்க்க வேண்டும், அதுவும் இந்த மாதத்திலேயே. இரண்டாவதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம். சைக்காலஜி பட்டம் சிகிச்சை ஆகாது. பல் வலிக்கிறது என்று யாரும் பல் மருத்துவக் கல்லூரியில் சேர மாட்டார்கள் இல்லையா?

முதலில் அந்த வாந்தியைப் பற்றிப் பேசுவோம். உங்களுக்கு வயிற்றில் கோளாறு என்றோ மனசு பலவீனம் என்றோ நினைத்துக்கொண்டிருக்கலாம். ஆபத்து வரும்போது மனித உடம்பு ஓடவோ எதிர்க்கவோ தயாராகும். அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், ரத்தம் கைகால் தசைகளுக்குப் போகும். துரத்தும் நாயிடமிருந்து ஓடுகிறவனுக்குச் சாப்பாடு செரிப்பது அவசரமில்லை, அதனால் வயிறு தன் வேலையை நிறுத்திக்கொள்ளும். குமட்டல் அங்கிருந்துதான் வருகிறது. கை நடுங்குவதும் உள்ளங்கை வியர்ப்பதும் அதே ஏற்பாட்டின் பகுதிகள். நாய்க்குப் பதிலாகக் கேள்வித்தாள் வந்தாலும் உடம்பு அதே மணியைத்தான் அடிக்கிறது.

கொஞ்சம் பதற்றம் எல்லோருக்கும் வரும், வரவும் வேண்டும். யெர்க்ஸ், டாட்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1908-ல் எலிகளை வைத்துச் செய்த சோதனையிலிருந்து வளர்ந்த ஒரு கருத்து உண்டு: தூண்டல் மிகக் குறைவாக இருந்தாலும் வேலை நடக்காது, அளவுக்கு மீறினாலும் நடக்காது, நடுவில்தான் நன்றாக நடக்கும். தேர்வுக்கு முந்தின நாள் தூக்கம் கொஞ்சம் கெடுவதை நோய் என்று நான் சொல்ல மாட்டேன். விழிப்புணர்வு என்ற பெயரில் எல்லாக் கவலைக்கும் நோய்ப் பெயர் வைப்பது எனக்குப் பிடிக்காத விஷயம். ஆனால் உங்கள் நிலை அதுவல்ல. ஒரு வருடம் நீடித்திருக்கிறது, தூக்கத்தைத் தின்றிருக்கிறது, இரண்டு தேர்வுகளைப் பறித்திருக்கிறது. எவ்வளவு காலமாக இருக்கிறது, அன்றாட வாழ்க்கையை எவ்வளவு முடக்கியிருக்கிறது என்ற இரண்டையும்தான் நாங்கள் முதலில் பார்ப்போம்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தேர்வு பத்து மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதரைக்கு ‘நான் போகலை’ என்று முடிவெடுத்தீர்கள். அடுத்த பத்து நிமிடத்தில் வாந்தி நின்றிருக்கும், படபடப்பு இறங்கியிருக்கும், அழுதுவிட்டுத் தூங்கிக்கூட இருப்பீர்கள். சரிதானே? அந்த நிம்மதிதான் சிக்கல். ‘போகாமல் இருந்தோம், தப்பித்தோம்’ என்று மூளை எழுதிவைத்துக்கொள்கிறது. அடுத்த முறை இன்னும் சீக்கிரமாக, இன்னும் பலமாக மணி அடிக்கிறது. முதலில் ஒரு தேர்வு, அப்புறம் இன்னொரு தேர்வு, அப்புறம் செமினார், பிறகு வகுப்பே வேண்டாம் என்று ஆகிவிடும். விலகுவதால் வரும் நிம்மதியே பயத்துக்குத் தீனி. நாளெல்லாம் மூடிய அறையில் படுத்துக் கிடக்கும் ஒரு மாணவனை விடுதியில் எல்லோரும் ‘சோம்பேறி’ என்பார்கள். பல நேரம் அவன் இப்படி ஒவ்வொரு படியாகப் பின்வாங்கிக் கடைசியில் அறைக்குள் வந்து நின்றவனாக இருப்பான்.

இதை அவிழ்க்கும் முறைக்குப் பெயர் சி.பி.டி. (காக்னிடிவ் பிஹேவியர் தெரபி), எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை. ஆரோன் பெக் என்ற மனநல மருத்துவர் 1960-களில் மனச்சோர்வுக்காக உருவாக்கிய முறை அதன் முக்கிய வேர்களில் ஒன்று. பிறகு பதற்றத்துக்கும் நன்றாகப் பயன்படுகிறது என்று தெரிந்தது. பயப்படும் விஷயத்தைச் சின்னச் சின்னப் படிகளாகப் பிரித்து, கீழ்ப் படியிலிருந்து ஏறுவோம். உங்களுக்கு என்றால் முதல் படி, தேர்வில்லாத ஒரு மாலையில் காலியான தேர்வுக்கூடத்தில் தோழியோடு போய் அரை மணி நேரம் உட்காருவதாக இருக்கலாம். அடுத்தது தனியாக உட்காருவது. அதற்கடுத்து, அங்கேயே கடிகாரம் வைத்து ஒரு பழைய கேள்வித்தாளை எழுதுவது. ஒவ்வொரு படியிலும் பதற்றம் ஏறும். எழுந்து ஓடாமல் இருந்தால் அது ஒரு உச்சத்தைத் தொட்டுவிட்டுத் தானாக இறங்கும். அது இறங்குவதை உடம்பு நேரில் பார்க்க வேண்டும், யாரும் சொல்லிப் புரிவதில்லை. எந்தப் படியிலிருந்து தொடங்குவது, எவ்வளவு வேகமாக ஏறுவது என்பதைப் பயிற்சி பெற்ற ஒருவரோடு சேர்ந்து முடிவு செய்வது நல்லது. வீடியோவால் தர முடியாதது அந்த ஒருவரைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். படபடப்பு, தூக்கமின்மை, களைப்பு எல்லாம் தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் வரும். ரத்தசோகையிலும் நெஞ்சு படபடக்கும், விடுதிச் சாப்பாட்டில் காலத்தை ஓட்டும் பெண்களிடம் அதை நிறையவே பார்க்கிறோம். அதனால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரவு விழித்துப் படிக்கக் குடிக்கும் காபி எத்தனை டம்ளர் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

வீட்டில் மந்திரித்ததைப் பற்றி. உங்கள் அம்மா மேல் கோபப்படாதீர்கள். பிள்ளைக்கு ஏதோ சரியில்லை என்று அவருக்குப் புரிந்திருக்கிறது, தெரிந்த வழியில் எதையோ செய்திருக்கிறார். ‘உன்னை எதுவும் அண்டாது’ என்று பெரியவர் ஒருவர் தலையில் கைவைத்துச் சொல்வதில் ஒரு ஆறுதல் உண்டு, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். அங்கேயே நின்றுவிடுவதில்தான் ஆபத்து. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, தனியார் நடத்திய மனநலக் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்பி ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அங்குள்ள தர்காவில் குணமாகும் என்று நம்பி உறவினர்கள் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். நாட்டையே உலுக்கிய அந்தச் சம்பவத்துக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. பின்னாளில் அதே ஏர்வாடி தர்காவில், தொழுகையும் நடக்கட்டும், மருந்தும் கிடைக்கட்டும் என்று அரசு மனநல மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்க்கும் ஏற்பாடு வந்தது. எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது. உங்கள் வீட்டிலும் அப்படியே இருக்கட்டும். கயிறு கையிலேயே இருக்கலாம், நீங்கள் ஓ.பி. சீட்டு வாங்குங்கள்.

யாரைப் பார்ப்பது என்பதில் நிறையக் குழப்பம் இருக்கிறது. மனநல மருத்துவர், அதாவது சைக்கியாட்ரிஸ்ட், எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேற்படிப்பு படித்தவர். நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் உளவியல் படித்து, மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய படிப்பை முடித்து, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவர். சோதனைகள் செய்வார், சி.பி.டி. போன்ற பேச்சு வழிச் சிகிச்சை தருவார், மருந்து எழுத மாட்டார். கவுன்சலர் என்ற சொல் மட்டும் ரொம்பவே தளர்வானது. முறையாகப் படித்த நல்ல ஆலோசகர்களும் அந்தப் பெயரில் இருக்கிறார்கள், வார இறுதிச் சான்றிதழை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களும் இருக்கிறார்கள். ‘என்ன படித்திருக்கிறீர்கள், எங்கே பயிற்சி எடுத்தீர்கள்’ என்று தயங்காமல் கேளுங்கள். நல்லவர்கள் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பணம் ஒரு தடையாக இருக்க வேண்டியதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது, கட்டணம் கிடையாது. மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்டங்களிலும் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் இருப்பவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. ‘கீழ்ப்பாக்கம் போகணும்’ என்பதைக் கிண்டலாகவே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தக் கிண்டலுக்குப் பயந்தே உதவி தேடாமல் போனவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. உண்மையில் அந்த வாசலில் வரிசையில் நிற்பவர்களில் தூக்கம் வராதவர்கள், பதற்றம் உள்ளவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே மாத்திரை வாங்க வருபவர்கள் எல்லோரும் உண்டு.

வெளியே போகத் தயக்கமாக இருந்தால் 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற இந்தச் சேவையை மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. உங்கள் கல்லூரியில் ஆலோசகர் இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் கல்வி நிறுவனங்கள் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவரையாவது வைத்திருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டுதல் தந்திருக்கிறது. ‘நான் போனது எச்.ஓ.டி.க்குத் தெரிந்துவிடுமோ’ என்ற பயம் பலரைத் தடுக்கிறது. 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுகிறவரின் விவரங்களை ரகசியமாக வைத்திருக்கச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு. முதல் சந்திப்பிலேயே ‘நான் சொல்வதில் எது வெளியே போகும், எது போகாது’ என்று கேட்டுவிடுங்கள்.

மருந்து எழுதினால் பயந்துவிடாதீர்கள். பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் இன்று பெரும்பாலும் தரும் மருந்துகள் தூக்க மாத்திரைகள் அல்ல, அவற்றுக்கு அடிமையாகிவிடுவோம் என்ற பேச்சிலும் உண்மையில்லை. ஆனால் அவை வேலை செய்யச் சில வாரங்கள் எடுத்துக்கொள்ளும். முதல் வாரத்தில் பக்கவிளைவு தெரியும், பலன் தெரியாது. அந்த வாரத்தில்தான் நிறையப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். நன்றாக ஆனபிறகும் மருத்துவரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தக் கூடாது.

நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் நான் கேட்டாக வேண்டும். வாழ்ந்து என்ன ஆகப்போகிறது, செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்திருக்கிறதா? வந்திருந்தால் இந்த மாதம், அடுத்த வாரம் என்ற கணக்கெல்லாம் வேண்டாம். இன்றே 14416-ஐ அழையுங்கள், அல்லது பக்கத்து அறைத் தோழியை எழுப்பி ‘என் கூட இரு’ என்று சொல்லுங்கள். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டதாக ஆகிவிடுமோ என்று பலரும் தயங்குகிறார்கள். அப்படி ஆவதில்லை, கேட்பது பெரும்பாலும் பாரத்தைத்தான் இறக்குகிறது. உங்கள் அறைத்தோழி என்றைக்காவது ஒதுங்கிப்போய் உட்கார்ந்தால் நீங்களும் இப்படியே நேராகக் கேட்கலாம்.

சரி, இனி படிப்புக்கு வருவோம்.

சைக்காலஜி என்றால் மனசுவிட்டுப் பேசுவது, மனிதர்களைப் படிப்பது என்று நினைத்து வருகிறவர்களை முதல் செமஸ்டரில் புள்ளியியல் வரவேற்கும். சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவு, கருதுகோள் சோதனை என்று போகும். அப்புறம் ஆய்வு முறைகள், மூளையும் நரம்பும், புலன்கள், நினைவு, வளர்ச்சிப் பருவங்கள். 1879-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வுக்கூடம் ஒன்றை அமைத்ததைத்தான் இந்தத் துறையின் பிறப்பாகச் சொல்வது வழக்கம். அதாவது இது பிறந்ததே அளவுகோலோடும் கடிகாரத்தோடும். எபிங்ஹாஸ் என்பவர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885-ல் வெளியிட்டார். மனதை இப்படி அளக்க முடியும் என்பதைப் படிக்கும்போது உங்களுக்குச் சிலிர்க்கிறதா, கொட்டாவி வருகிறதா? அதை வைத்தே பாதி முடிவு எடுத்துவிடலாம். இயற்பியல் படித்தவர் என்பது உங்களுக்குச் சாதகம்தான். பிழை, அளவீடு, வரைபடம் எதுவும் உங்களைப் பயமுறுத்தாது.

படித்தால் உங்கள் பதற்றம் தீருமா? புரியும், தீராது. சில பேருக்குக் கொஞ்ச காலம் கூடவும் செய்யும். மருத்துவ மாணவர்கள் படிக்கிற நோயெல்லாம் தங்களுக்கே இருப்பதாக நினைப்பதுபோல, மனநோய்களைப் பற்றிய அசாதாரண உளவியல் தாளைப் படிக்கும்போது ஒவ்வொரு பக்கத்திலும் நம் முகம் தெரியும். பிறகு பயிற்சிக்கு வார்டுக்குப் போவீர்கள். உங்களைப் போலவே தேர்வு எழுத முடியாத ஒரு பெண் எதிரே உட்காருவாள். உங்கள் காயம் ஆறியிருந்தால் அவளை உங்களால் நன்றாகப் புரிந்துகொள்ள முடியும். ஆறாமலே இருந்தால் அவள் சொல்லும்போது உங்கள் கதைதான் காதில் விழும். பட்டவர்கள் இந்தத் துறைக்கு வரக் கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன், எங்களில் பலர் அப்படி வந்தவர்கள்தான். முதலில் நீங்கள் சிகிச்சை எடுத்து, ஒரு செமஸ்டராவது தேர்வுகளை எழுதி முடித்து, அப்போதும் இந்த ஆசை இருந்தால் வாருங்கள்.

வரும் வழி இது. எம்.எஸ்சி. அல்லது எம்.ஏ. சைக்காலஜிக்குச் சில இடங்களில் எந்த இளங்கலைப் பட்டமும் போதும், சில இடங்களில் இளங்கலையிலேயே உளவியல் வேண்டும். விண்ணப்பிக்கும் முன் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் விதியைப் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகம், கோவையில் பாரதியார் பல்கலைக்கழகம் இரண்டிலும் உளவியல் துறை உண்டு. சென்னை மாநிலக் கல்லூரி, கோவை அரசு கலைக் கல்லூரி ஆகியவற்றிலும் குறைந்த கட்டணத்தில் உளவியல் படிக்கலாம். அஞ்சல் வழியில் படித்துக்கொள்ளலாமா என்று பலர் கேட்கிறார்கள். 2025-26 கல்வியாண்டிலிருந்து தொலைநிலையிலும் இணையவழியிலும் உளவியல் பட்டப்படிப்பு நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) சொல்லிவிட்டது. இன்னமும் சேர்க்கை நடக்கிறது என்று யாராவது விளம்பரம் செய்தால் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

முதுகலை முடித்த உடனே நீங்கள் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகிவிட மாட்டீர்கள். இதைத் தெரியாமல் வந்து ஏமாறுகிறவர்கள் நிறைய. அந்தப் பெயரோடு தொழில் செய்ய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பை முடித்துப் பதிவு எண் வாங்க வேண்டும். இதுவரை அதற்கான முக்கிய வழி இரண்டு ஆண்டு எம்.பில்., பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் கடும் போட்டியோடு கிடைப்பது. தேசியக் கல்விக் கொள்கையால் எம்.பில். என்ற பட்டமே நாடெங்கும் நிறுத்தப்பட்டது. கிளினிக்கல் சைக்காலஜிக்கு விதிவிலக்குபோல 2025-26 வரை சேர்க்கை நீட்டிக்கப்பட்டது. அதன் இடத்தில் மறுவாழ்வு கவுன்சில் புதிய பட்டப்படிப்புகளைக் கொண்டுவருகிறது. நீங்கள் முதுகலை முடிக்கும்போது விதி எப்படி இருக்குமோ, அதனால் சீனியர்கள் சொல்வதை நம்பாமல் கவுன்சிலின் இணையதளத்திலேயே அந்த ஆண்டின் பட்டியலைப் பாருங்கள்.

வேலை உண்டு. பள்ளி, கல்லூரிகளில் ஆலோசகர், மருத்துவமனைகள், மறுவாழ்வு மையங்கள், சிறப்புப் பள்ளிகள், தொண்டு நிறுவனங்கள், நிறுவனங்களின் மனிதவளப் பிரிவு என்று பல இடங்கள். தொடக்கச் சம்பளம் குறைவு. கூடப் படித்தவர்கள் ஐ.டி.யில் சேர்ந்து வாங்குவதைப் பார்த்தால் மனசு கஷ்டப்படும். வீட்டுக் கடன் உங்கள் தலையில்தான் என்றால் இதை இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் தேவை எவ்வளவு என்று கேட்டால், 2015-16-ல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி வயது வந்தவர்களில் 10.6 சதவீதம் பேர் ஏதாவது ஒரு மனநலப் பாதிப்போடு இருந்தார்கள். பெரும்பாலான பாதிப்புகளில் பத்தில் ஏழு பேருக்கு மேல் சிகிச்சையே கிடைக்கவில்லை. தமிழில் வேலை செய்யக்கூடியவர்களின் தேவை இன்னும் தனி. சிகிச்சைக்கு வருபவர்களிடம் நாங்கள் கேட்கும் கேள்விப் பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் பிறந்தவை. ‘கடந்த இரண்டு வாரங்களில் நீங்கள் நம்பிக்கையிழந்து உணர்ந்தீர்களா’ என்று மொழிபெயர்ப்பை வாசித்தால் எதிரே இருக்கும் அக்கா முழிப்பார். அவர் சொல்வதெல்லாம் ‘நெஞ்சை அடைக்குது’, ‘எதுலயும் ஒட்ட மாட்டேங்குது’, ‘சும்மா சும்மா அழுகை வருது’, ‘தலைக்குள்ள என்னமோ ஓடிக்கிட்டே இருக்கு’. இந்தச் சொற்களைக் கேட்டு, அதில் எது பதற்றம், எது மனச்சோர்வு, எது வீட்டில் நடக்கும் அடி உதை என்று பிரித்தறியப் பாடப்புத்தகம் கற்றுத்தராது. கிராமத்திலிருந்து வந்த, அந்தச் சொற்களையே பேசி வளர்ந்த ஒரு பெண்ணுக்கு அது கைவரும். நீங்கள் இந்தத் துறைக்கு வர வேண்டும் என்று நான் ஆசைப்படுவது அதனால்தான்.

இப்போதைக்கு, ஒரு தாளில் ஒரு வாரத்துக்கு எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்குத் தூக்கம் வந்தது, எப்போதெல்லாம் படபடப்பு வந்தது, அதற்கு முன் என்ன நடந்தது என்று எழுதிக்கொண்டே வாருங்கள். மருத்துவரிடம் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்து அழுகைதான் வரும், அப்போது அந்தத் தாளை நீட்டலாம். ஓ.பி. காலையில்தான், சீக்கிரம் போய்விடுங்கள். வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றால் மனநலம், உளவியல் என்று தொடங்காதீர்கள். ‘அம்மா, பரீட்சை அன்னைக்கு வாந்தி வருது, ராத்திரி தூக்கமில்ல, ரெண்டு பேப்பர் எழுதல. டாக்டர்கிட்ட போகணும், நீயும் கூட வா’ என்று சொல்லுங்கள். அந்த இரண்டு அரியர் தாள்களுக்கும் அடுத்த செமஸ்டரிலேயே பணம் கட்டிவிடுங்கள்.